யாருடைய கைக்கு அளவெடுப்பது?

ஆர்டரின் பேரில் மின்கிட்டார் செய்து தரும் பட்டறைக்குப் போனால், மரத்தை அறுப்பதற்கு முன் கேட்பதற்கே நிறைய இருக்கிறது. கழுத்து உள்ளங்கையை நிரப்பும் அளவுக்குத் தடிமனாக வேண்டுமா, மெலிதாகவா? விரல்பலகை 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கட்டுமா, 12 அங்குல ஆரத்தில் ஏறக்குறையத் தட்டையாகவா? அதிரும் கம்பியின் நீளம் ஃபெண்டர் வழக்கப்படி 25.5 அங்குலமா, கிப்ஸன் வழக்கப்படி 24.75 அங்குலமா? முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே சுருதிக்கு நீளமான கம்பியை அதிகம் முறுக்கியாக வேண்டும். விரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும். உடலுக்கு மஹோகனியா ஆல்டரா, விரல்பலகைக்கு மேப்பிளா நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டியா, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருளா இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருளா என்று பட்டியல் நீளும். எல்லாம் சேர்ந்து கேட்பது ஒன்றைத்தான்: உங்களுக்கு என்ன வேண்டும்? கையில் பணம் சேர்ந்துவிட்டால் இதற்குப் பதில் சொல்வது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனக்காகச் செய்யப்படாத ஒரு பொருளோடு நெடுநாள் மல்லுக்கட்டாதவரிடம் இந்தக் கேள்விக்குச் சொந்தப் பதில் இருக்காது என்பதே என் கட்சி.

மின்கிட்டாரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950களின் தொடக்கத்தில் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த டெலிகாஸ்டர் ஏறத்தாழ ஒரு பலகை. கழுத்தை அதில் நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார். கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். யாருக்கும் அளவெடுக்காத தொழிற்சாலைச் சரக்கு. அதை இரவெல்லாம் மேடையில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள்: விளிம்பு விலாவில் குத்துகிறது, முன்கையில் அழுந்துகிறது. பில் கார்சன் போன்ற வாசிப்பாளர்களின் இந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் பின்னால் குடையப்பட்டது, முன்னால் சரிவாகச் சீவப்பட்டது. உலகம் முழுக்க நகலெடுக்கப்படும் அந்த அழகிய வடிவம் சிலருடைய விலா வலியிலிருந்து பிறந்தது. டெலிகாஸ்டரை மாட்டுவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்தக் குடைவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தையற்காரரிடம் போகிறவர் உடம்பைக் கூடவே கொண்டுபோகிறார், நாடாவை வைத்தால் அளவு வந்துவிடுகிறது. வாசிப்பவரின் அளவு அப்படித் தயாராகக் காத்திருப்பதில்லை. பொருந்தாத கருவியில் உராய்ந்து உராய்ந்துதான் அது உண்டாகிறது.

இந்த உராய்வைத் தாண்டாமலே ஆர்டர் கொடுப்பவரும் ஏதோ ஒரு பதில் சொல்லத்தான் செய்வார். அது பெரும்பாலும் இன்னொருவரிடம் இரவல் வாங்கியதாக இருக்கும். கிட்டார் வாசிப்பாளர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ என்ற கிட்டாரின் கதை நல்ல உதாரணம். 1970இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் சில பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிவாக வாங்கினார். நண்பர்களுக்குக் கொடுத்ததுபோக மீந்தவற்றில் நல்ல உறுப்புகளைப் பொறுக்கி ஒன்றாகப் பூட்டினார். ஆண்டுக்கணக்கில் அதையே வாசித்தார். சிகரெட் சுட்ட வடு உட்பட எல்லாம் அதில் பதிந்தது. 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. பிறகு ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் பிரிவு அதன் நகல்களை, தேய்மானத்தோடும் சூட்டு வடுவோடும், ஒவ்வொன்றும் 24,000 டாலர் என்று விற்றது. செய்தவர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை, வாங்கியவர்களை ஏளனம் செய்யவும் மனமில்லை. ஒருவர் மீதுள்ள பிரியத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. ஆனாலும் கிளாப்டனுக்கு அந்தக் கிட்டாரைச் சொந்தமாக்கியது அந்த மரத்தோடு அவர் கழித்த வருஷங்கள். பெட்டியைத் திறந்ததும் கிடைக்கும் தழும்பில் அந்த வருஷங்கள் இல்லை. புதுக் கிட்டாரைப் பட்டறையிலேயே தேய்த்துப் பழசாக்கித் தருவது இன்று ஒரு தனி வணிகம். தன் விருப்பம் என்னவென்று தெரியாதபோது எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியவில்லை.

மோசமான கருவியில் போராடித்தான் தீர வேண்டும் என்றால் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே வாசிப்பை விட்டுவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயம்தான். ஃபிரெட்டுகள் பிசகி, எங்கே அழுத்தினாலும் சுருதி சேராத கிட்டார் எதையும் கற்றுத்தராது, காதைத்தான் கெடுக்கும். நான் பழுதான கருவியைப் பற்றிப் பேசவில்லை. சரியாகச் செய்யப்பட்ட, ஆனால் குறிப்பாக எவருக்கென்றும் செய்யப்படாத கருவியைத்தான் சொல்கிறேன். இடதுகைக்காரரான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலதுகைக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தலைகீழாகத் திருப்பிக் கம்பிகளை மாற்றிப் பூட்டி வாசித்தார்; குமிழ்களும் அதிர்வுக் கைப்பிடியும் மேல்பக்கம் வந்து நின்றன. அதோடு அவர் என்ன செய்தார் என்பது எல்லோரும் அறிந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு உடம்பிலிருந்து வருகிறது. ஊனம் உள்ளவரையும் முதலில் ஊர்ப் பொதுவான கருவியோடு மல்லுக்கட்டு என்று சொல்வது கொடுமை அல்லவா? பர்மிங்காமைச் சேர்ந்த கிட்டார் வாசிப்பாளர் டோனி ஐயோமியை இங்கே நினைத்தாக வேண்டும். 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். அவர் இடதுகைக்காரர், ஆகவே கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கடையில் கிடைத்த கம்பிகள் அந்த விரல்களுக்கு முரடாக இருந்ததால் மெல்லிய பேஞ்சோ கம்பிகளைப் பூட்டிப் பார்த்தார். பின்னால் சுருதியையே கீழே இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் இருண்ட, கனத்த ஒலிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தனக்கென்று கிட்டார் செய்யச் சொன்னது இதற்கெல்லாம் பிறகு. அவருக்கு அளவெடுத்த கருவி அவசியமே, அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த அளவு என்பதை விரலுறையும் பேஞ்சோ கம்பியும் சொல்லித்தந்தன. இப்படிப்பட்டவருக்குத் தேவை சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் வாதம் அவரிடம் வலுவிழப்பதாக நான் நினைக்கவில்லை; காலம்தான் சுருங்குகிறது.

என் வாதத்துக்கு இன்னும் சிக்கலானவர் கிட்டார் வாசிப்பாளர் பிரையன் மே. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்க வசதியில்லாத அவர் 1963இல், பள்ளிப் பருவத்திலேயே, தந்தை ஹெரால்டோடு சேர்ந்து தன் கிட்டாரைத் தானே செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் அதிர்வுக் கைப்பிடியின் எதிரிழுப்பாயின. சிப்பிப் பொத்தான்கள் விரல்பலகையின் புள்ளிகளாயின. இன்றுவரை பெரும்பாலும் அதையே வாசித்துவருகிறார். பொதுக் கருவியில் பல வருஷம் கழிக்காமலே தன் அளவு அவருக்குத் தெரிந்திருந்ததே? ஓரளவு தெரிந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்பே சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் காந்தமும் கம்பிச்சுருளும் பொருத்திப் பார்த்தவர் அவர். புதுக் கிட்டாருக்காகத் தாமே சுற்றிய பிக்கப்புகளோ, கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து வாசித்தபோது வேண்டாத சத்தம் எழுப்பின. கடையில் விற்ற பர்ன்ஸ் நிறுவனத்துப் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும், வாசிக்கும்போதுதான் குறை தெரிந்தது. தானே செய்கிறவருக்கு உராய்வு பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே வித்தியாசம். பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

அப்படியானால், தேவையை அறிந்து ஆர்டர் கொடுத்தவருக்காவது அந்த ஒரு கருவியோடு கதை முடிகிறதா? கிட்டார் செய்பவரான டக் இர்வின் உருவாக்கிய ‘டைகர்’ கிட்டாரை வாசிப்பாளர் ஜெர்ரி கார்சியா 1979இல் கையில் வாங்கினார். அதற்கு முன்பே பல கிட்டார்களையும், இர்வினே செய்த ‘உல்ஃப்’ கிட்டாரையும் வாசித்துத் தேர்ந்தவர். என்ன வேண்டும் என்று சொல்லும் தகுதி அவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கும் இல்லை. டைகரின் எடை ஆறு கிலோ. சுமார் பத்தாண்டுகள் மேடைதோறும் அதைச் சுமந்தார். இர்வின் அடுத்துச் செய்துகொடுத்த ‘ரோஸ்பட்’ அதைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைவு. உடலின் நடுவில் மரத்தைக் குடைந்து எடுத்திருந்தார்.