செய்தவர் யார்?

ஒரு தீங்கு நேர்ந்தவிடத்து, "இதைச் செய்தவர் யார்?" என்று வினவுதல் மனிதர்க்கு இயல்பு. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமாயின் நியாயம் கேட்பதற்கும் வழி பிறக்கும். செய்தவர் எவருமிலர் என்று சொல்லிவிட்டாலோ, அத்தீங்கு மழையைப் போலவும் வெயிலைப் போலவும் இயற்கையாய் வந்ததாகத் தோன்றத் தொடங்கும். நம் முன்னோர்க்கு நெடுங்காலம் இவ்வாறு சொல்லப்பட்ட விடை "தலைவிதி" என்பது. பொதுக் கிணற்றில் நீர் மொள்ளாதே என்று தடுத்தவன் ஒரு மனிதன். தெருவில் நடவாதே என்று கோலெடுத்தவனும் ஒரு மனிதன். பழி மட்டும் விதியின்மேல் ஏற்றப்பட்டது. இன்று அவ்விதியின் ஆசனத்தில் வந்து அமர்ந்துள்ள புதிய சொல் ஒன்று உண்டு. "கணினி முடிவு செய்துவிட்டது, நாங்கள் என் செய்வோம்?" என்பதே அது. இச்சொல்லை நாம் ஆராய்தல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு என்று வழங்குவது யாது? இலட்சக்கணக்கான பழைய பதிவுகளை இயந்திரத்துக்கு ஊட்டுகின்றனர். அது அவற்றினூடே ஒழுங்குகளைக் கண்டு, புதிதாய் வருவோரைப் பற்றி ஊகம் செய்கிறது. இன்னார்க்கு வேலை தகும், இன்னார்க்குக் கடன் தகாது, இன்னார் உதவிப்பொருள் பெற உரியரல்லர் என்பன அவ்வூகங்கள். இயந்திரத்துக்கு நட்புமில்லை, பகையுமில்லை. ஆதலின் அது நடுநிலையானது என்பர் சிலர். பழைய பதிவுகளை எழுதியவர் யாவர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரில்லை. அமேசான் நிறுவனம் ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு கருவியை ஆக்கியது. ஆண்களே மிகுதியாய் விண்ணப்பித்த பத்தாண்டுப் பதிவுகளைக் கற்ற அக்கருவி, பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அக்கருவி கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. கோணலான கணக்கேட்டை நேர்மையுள்ள எழுத்தன் பிழையின்றிப் பெயர்த்தெழுதினாலும், கணக்கு கோணலாகவே நிற்கும்.

இது தொலைதூரச் செய்தியன்று. பெங்களூரு ஈஜிபுராவைக் காண்போம். தமிழ்த் தொழிலாளர் பலர் வாழும் பகுதி அது. அதனை அடுத்திருப்பது மென்பொருள் நிறுவனங்கள் மலிந்த கோரமங்கலா. அவ்வெல்லையில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து இருசக்கர வண்டிகளில் விரையும் இளைஞர்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை. கைபேசியிலுள்ள செயலியே எசமான். எவருக்கு எந்த வேலை, அதற்கு எவ்வளவு கூலி, எவருடைய கணக்கை நிறுத்திவைப்பது என்பவற்றைக் கணிப்பு முறைகள் தீர்மானிக்கின்றன. ஒருநாள் காலை கணக்கு முடங்கிவிட்டால் அவ்விளைஞன் எவரிடம் முறையிடுவான்? கைபேசியில் முறையிட்டால், முன்கூட்டி எழுதிவைத்த விடையொன்றே பெரும்பாலும் திரும்பி வருகிறது.

ஈஜிபுராவுக்கு ஏட்டின் தீர்ப்பு புதிதன்று. ஏழைகளுக்கென மாநகராட்சி அங்கே கட்டியிருந்த குடியிருப்பில் கட்டடங்கள் சில இடிந்து வீழ்ந்தபின், மக்கள் அவ்விடத்திலேயே கொட்டகைகளில் வாழ்ந்தனர். 2013 ஜனவரியில் சுமார் 1500 குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. தலித் மக்களும் தமிழ் பேசுவோரும் அவர்களுள் பலர். ஆதியில் வீடு ஒதுக்கப்பெற்றவர் யார், வாடகைக்கு வந்தவர் யார் என்பதே பெருவழக்காயிற்று. பட்டியலில் பெயர் இல்லாதவர்க்கு, அம்மண்ணில் வாழ்ந்த ஆண்டுகள் சான்றாகவில்லை. அது கொடுமையே. எனினும் அன்று எதிர்த்து நிற்பதற்கு ஒரு முகம் இருந்தது. மாநகராட்சி இருந்தது; ஆணையிட்ட அதிகாரி இருந்தார்; நீதிமன்றம் இருந்தது. மக்கள் போராடினர், நாட்டின் பிற பகுதியினரும் அதனை அறிந்தனர்.

பட்டியலை இயந்திரமே எழுதத் தொடங்கினால் யாது நிகழும் என்பதற்குத் தெலங்கானா சான்று. அங்கே "சமக்ர வேதிகா" என்னும் அமைப்பு, பல துறைகளின் பதிவுகளைப் பெயர்வழி இணைத்துப் பார்த்து, இவர் ஏழையல்லர் என்று சுட்டியது. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவருடைய குடும்பத்துக்குக் கார் உண்டென்று அது காட்டியதால், அவர்களுக்கு உணவுப்பொருள் மறுக்கப்பட்டது. அம்மாநிலத்தில் 2016 முதல் நீக்கப்பட்ட சுமார் 19 இலட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சென்று மீண்டும் ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் பணித்தது. நெதர்லாந்து நாட்டிலும் குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரரெனத் தவறாகக் குற்றஞ்சாட்டினர். ஐயத்துக்குரியோரைத் தெரிந்தெடுக்கும் கணினி முறையும் அதிற் பங்கு கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி துறந்தது.

இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். எண்ணத்தோடு செய்வதே வினை என்பது பகவான் புத்தர் காட்டிய நெறி. இயந்திரத்துக்கு எண்ணமில்லை, ஆகவே வினையுமில்லை. இதனைப் பற்றிக்கொண்டு, "அங்ஙனமாயின் இத்தீங்கைச் செய்தவர் ஒருவருமிலர்" என்று வாதிப்பாரும் உளர். அம்புக்கு எண்ணமில்லை என்பதால் எய்தவன் தப்புவானோ? எதை எண்ணுவது, எதை விடுவது என்று தேர்ந்தவர் மனிதர். எத்தனை பிழை பொறுக்கத்தக்கது, அப்பிழை எவர் தலையில் விழட்டும் என்று வரையறுத்தவர் மனிதர். செலவு குறையுமென்று அதனை விலைக்கு வாங்கியவரும், படித்துப் பாராமல் ஒப்பமிட்டவரும் மனிதரே. எய்தவர் பலராயிருப்பதால் எவரும் தெரியவில்லை, அவ்வளவே. எப்பொருளும் பல சார்புகளால் தோன்றுகிறது என்று கற்றவர் நாம். பல காரணங்கள் உண்டு என்பதும், காரணமே இல்லை என்பதும் ஒன்றாகா. பங்கு எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு.

"சாதி பார்க்கும் எழுத்தனைவிட இயந்திரம் மேலன்றோ?" என்று நம்மவரே கேட்கக்கூடும். இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. முகத்தையும் தந்தை பெயரையும் பார்த்து மனுவை ஒதுக்கிய எழுத்தர்களை நாம் அறிவோம். அவர்கள் உள்ளத்தைத் திறந்து சோதிக்க இயலவில்லை. கணிப்பு முறையையோ, திறந்து காட்டினால், சோதிக்கலாம். ஆதலின் இயந்திரத்தை உடைக்க வேண்டுமென்பது நமது கருத்தன்று. அது திறந்து காட்டப்படவும், அதன் முடிவுக்கு ஒரு மனிதர் பெயரோடு நின்று விடை கூறவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து, பழைய எழுத்தனும் விதியும் ஓருருவாகி நிற்பதையே காண்கிறோம்.

இவ்வகையில் கர்நாடக மாநிலம் 2025இல் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் சட்டம் குறிப்பிடத்தக்கது. ஒரு தொழிலாளியை நீக்குமுன் எழுத்தில் காரணங் கூறி 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்; தானியங்கு முறைகள் அவர் வேலையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைத் தெரிவிக்க வேண்டும்; ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. இராஜஸ்தான் 2023இலேயே இத்துறையில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. முகமற்றதற்கு ஒரு முகம் தரும் முயற்சி இது. எனினும் கேட்பாரின்றேல் சட்டமும் ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே நம் சங்கங்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வேலை முடக்கப்பட்ட இளைஞனும், அட்டை நீக்கப்பட்ட தாயும் நம்மிடம் வருங்கால், "காலம் அப்படி" என்று தேற்றி அனுப்புதல் தகாது. காரணம் யாது? முடிவு செய்தவர் யார்? மறுபடி ஆராய்பவர் எங்கே? இம்மூன்றையும் எழுத்தில் கேட்க அவர்களுக்குத் துணைநிற்றல் வேண்டும். எழுத அறிந்தோர் அறியாதார்க்கு எழுதிக் கொடுப்பதும் தானமேயாம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய காலந்தொட்டு, பிறப்பின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பை "எழுதியவர் யார்?" என்று கேட்டு வந்தவர் நாம். தலைவிதியை ஒருமுறை துறந்தோம். அது கணினியின் உருவில் மீண்டும் வாயிலில் நிற்குமாயின், அதே வினாவை அதனிடமும் கேட்பதே நமக்குரிய நெறி என்பது நமது துணிபு.