யார் அந்த வேறொருவர்?



2025ஆம் ஆண்டு பாஸ்கு காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிலே சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்த நிகழ்ச்சி நம் கோவில்களிலே வாசிக்கப்பட்டது. அன்று நான் கரையோரப் பங்கு ஒன்றிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். கடற்றொழில் செய்யும் மக்களுக்கு வலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பிரசங்கம் செய்வது இலகு. ஆகவே அந்த 153 மீன்களைப் பற்றியே பேசி முடித்துக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது, தூணைப் பிடித்தபடி நின்ற ஓர் ஆச்சி என்னை மறித்தார்.

“சுவாமி, மீனைப் பற்றி நல்லாச் சொன்னியள். கடைசியிலை வாசிச்ச விசயத்தைச் சொல்லாமல் விட்டிட்டியள். வயது போனாப் பிறகு வேறை ஒராள் வந்து இடுப்பைக் கட்டிக் கொண்டுபோவான் எண்டு இருக்கே. ஆர் அந்த வேறை ஆள்?”

இராயப்பர் எவ்விதமான மரணத்தால் கடவுளை மகிமைப்படுத்தப் போகிறார் என்பதையே ஆண்டவர் அப்படிக் குறிப்பிட்டார் என்று அருளப்பர் எழுதுகிறார் என விளக்கினேன். ஆச்சி மரியாதையாகக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்பது எனக்கு விளங்கியது. கையை நீட்டிக்கொண்டு நிற்கும் முதியவர், இடுப்பைக் கட்டிவிடும் வேறொருவர், தனக்கு விருப்பமில்லாத ஓர் இடம்: இந்த மூன்றும் தன் வீட்டு வாசலிலே வந்து நிற்பதாக அவர் கண்டிருந்தார். மெல்ல விசாரித்தேன். இரண்டு கிழமைக்கு முன் குளியலறையில் விழுந்திருக்கிறார். தொடையிலே பெரிய கண்டல். எவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டைப் பூட்டுவித்து, தன்னைக் கொழும்பிலே ஓர் உறவினரின் மாடி அறைக்கு அனுப்பிவிடுவான் என்ற பயம். வலியை இரண்டு கிழமை ஒளித்து வைத்திருந்தார்.

எத்தனை வீடுகளிலே இப்படி ஒளித்துவைத்த விழுகைகள் இருக்கின்றனவோ, யார் அறிவார்? விழுந்ததைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்ற நிலையிலே நம் பெற்றோரை வைத்திருக்கிறோமா என்பதை இந்த வாரம் நாம் நம்மையே கேட்போமாக.

நான் உங்களுக்குப் போதிக்கும் முன் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு அப்போது 76 வயது. தமக்கையார் வீட்டில் இருந்தார். விடிய எழும்பி முற்றம் கூட்டுவார், பூங்கன்றுகளுக்குக் கிணற்றிலே தண்ணீர் அள்ளி ஊற்றுவார், பூசைக்கு நடந்தே போவார். ஒரு மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியிலே சறுக்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. செய்தி கேட்டு ஓடினேன். பிரசங்கபீடத்திலே பேசிப் பழகிய குரலிலே ஒரு சட்டமும் போட்டேன்: இனிக் கிணற்றடிக்குப் போகக் கூடாது, விளக்குமாற்றைத் தொடக் கூடாது, கோவிலுக்கு ஓட்டோவிலே மட்டும் போக வேண்டும், மற்ற நேரம் கதிரையிலே இருந்து செபமாலை சொன்னால் போதும். எல்லோரும் என்னை நல்ல மகன் என்றார்கள். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. குருவானவர் சொன்னால் எதிர்த்துப் பேசாத தலைமுறை அது.

ஆறு மாதம் கழிந்தபோது அந்தக் கதிரையிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டு, நோய் ஒன்றும் பெரிதாக இல்லை, உபயோகியாமல் விட்ட தசைகள்தான் கரைந்துவிட்டன என்று சொன்னார். வயது சென்றவர்களுக்குப் படுக்கையிலும் கதிரையிலும் கழியும் சில நாட்களே போதும், பலம் இறங்கிவிடும். ஏற்றுவதற்கோ மாதங்கள் வேண்டும். ஆனால் ஏற்றலாம். 80, 90 வயதிலும் முறையாகப் பயிற்சி செய்தால் தசை மீண்டும் பலம் கொள்ளும் என்பது இன்று மருத்துவம் நிச்சயமாக அறிந்த உண்மை. உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிலே, 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைத்து நடக்க வேண்டும் என்றும், உடல் தளம்பாமல் நிற்பதற்கும் பலத்துக்குமான பயிற்சிகளை வாரத்தில் 3 நாட்களாவது செய்ய வேண்டும் என்றும் கூறியிருக்கிறது.

அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி மிகச் சாதாரணமானது. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, முதலில் 2 தரம், பின் 5, பின் 10. குசினித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலிலே சிறிது நேரம் நிற்பது. சுவரோரமாக நடப்பது. தமக்கையாரின் மகள் அருகே நின்று எண்ணுவாள். கிணற்றடியிலே பாசியைச் சுரண்டி, சீமெந்தைச் சொரசொரப்பாகப் பூசி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் நட்டோம். சறுக்கிய அன்றே நான் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். அம்மா மீண்டும் பூங்கன்றுவரை நடந்தார். கோவில்வரை நடக்கும் பலம் திரும்பி வரவேயில்லை. அந்தப் பாதையை அவரிடமிருந்து எடுத்தவன் நான்.

சாமுவேல் ஆகமத்திலே பர்சில்லாய் என்ற 80 வயதுப் பெரியவர் ஒருவர் வருகிறார். கோவிலிலே அவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் அதிகம் இருக்கமாட்டீர்கள். தாவீது அரசர் தம் மகனுக்குப் பயந்து ஓடியிருந்த காலத்திலே அவருக்கு உணவளித்துப் பராமரித்தவர் இவர். அரசர் வெற்றியோடு திரும்பும்போது, என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மை நான் பராமரிப்பேன் என்று அழைக்கிறார். எவ்வளவு பெரிய அழைப்பு! ஆனால் பெரியவர் மறுக்கிறார். உணவின் சுவையும் தெரியவில்லை, பாடகரின் குரலும் கேட்கவில்லை, அரசருக்கு நான் ஏன் பாரமாக வேண்டும், என் ஊரிலே என் தாய் தந்தையின் கல்லறை அருகே சாகவிடும் என்கிறார். தம் இயலாமையை இவ்வளவு நேராகச் சொல்லும் முதியவரை வேதாகமத்திலே வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆயினும் அவர் அரசரோடு யோர்தானைக் கடந்து சிறிது தூரம் வருகிறார். தாவீது வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு ஆசீர்வதித்து ஊருக்கு அனுப்புகிறார். வெளிநாட்டிலிருந்து தாய் தந்தையை வழிநடத்தும் பிள்ளைகள் தாவீதின் இந்த ஒரு செயலை ஆறுதலாகத் தியானிப்பது நல்லது. கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் கேட்டார், பதிலையும் ஏற்றுக்கொண்டார்.

அதே சாமுவேல் ஆகமத்திலேதான் ஏலி என்ற குருவும் வருகிறார். வயது 98. கண் தெரியாது. உடல் பாரம். வாசலருகே இருந்த ஆசனத்திலிருந்து பின்புறமாக விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். துக்கச் செய்தியின் அதிர்ச்சிதான் காரணம். ஆயினும் கண், பாரம், ஆசனம், வாசல் என்று ஒவ்வொன்றையும் வேதாகமம் குறித்து வைத்திருக்கிறது. நம் வீட்டு விழுகைகளுக்கும் இப்படிச் சில்லறைக் காரணங்கள்தான். இரவிலே சிறுநீர் கழிக்க எழும்பும்போது வெளிச்சம் இல்லை. கட்டிலால் சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலைத் தொங்கவிட்டுச் சற்று இருந்துவிட்டு எழும்ப வேண்டும். வாசலிலே கால் துடைக்கப் போட்ட சாக்கு இடறும். நிலத்திலே இழுபடும் சாரமும் சேலையும் இடறும். கண்ணிலே வெள்ளை படர்ந்தது தெரிந்தும், இருக்கிற காலத்துக்கு இது போதும் என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவதில்லை. தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சுகம் கொடுத்த குளிசையை வாங்கிப் போடும் வழக்கத்தை, பெரியோர்களே, இன்றோடு நிறுத்திவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டுக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஊன்றுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூசைக்கு வரும்போது தடியை மதிலோரம் சாத்திவிட்டு, மற்றவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். வெட்கமாம். பாப்பரசர் பிரான்சிஸ் முழங்கால் வருத்தத்தால் 2022ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் சக்கர நாற்காலியிலே உலகத்தின் முன் வந்தார். இறப்பதற்கு முதல் நாள், 2025ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்றும் மக்கள் முன் தோன்றி ஆசீர் வழங்கினார். திருச்சபையின் தலைவருக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

தபசு காலத்திலே ஒருசந்தி பிடிப்பதாகச் சொல்லிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சீனி வருத்தத்துக்கான குளிசையை மட்டும் போட்டு மயங்கி விழுகிறவர்கள் உண்டு. திருச்சபைச் சட்டப்படி 59 வயது நிறைந்ததும் ஒருசந்திக் கடமை நீங்கிவிடுகிறது. சுத்தபோசனத்துக்கு அப்படி வயதெல்லை இல்லை; ஆனால் நோயாளிக்கு அதிலும் விலக்கு உண்டு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்ற விதியும் முதியோரையும் நோயாளரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது. திருச்சபைத் தாயே இறக்கிவைத்த பாரத்தை நீங்கள் மீண்டும் தூக்கிச் சுமக்க வேண்டாம். அப்படியே, நோயிற்பூசுதல் என்றவுடன் அழத் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். அவஸ்தைப்பூசுதல் என்று நம் பாட்டன்மார் அழைத்த இத்திருவருட்சாதனத்தை, 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தின்பின், பாரதூரமான நோய் இல்லாவிட்டாலும் முதுமையினால் நன்றாகத் தளர்ந்தவர்கள் பெறலாம். குருவானவர் எண்ணெயோடு வந்தால் மரணம் வந்துவிட்டதென்று பொருளில்லை.

இனிப் பிள்ளைகளுக்கு. ஆண்டவர் கொர்பான் என்னும் காணிக்கையைப் பற்றிக் கடிந்து பேசியதை மாற்கு எழுதியிருக்கிறார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கொள்பவர்கள் அன்றும் இருந்தார்கள். திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் காசு வருகிறது. அனுப்பியவரின் தாயோ, மலசலகூடத்திலே பிடித்து எழும்ப ஒரு கம்பியில்லாமல் சுவரைத் தடவுகிறார். அத்தகைய காணிக்கையை வாங்கி, பற்றுச்சீட்டு எழுதி, பிரசங்கபீடத்திலே பெயர் வாசித்த குருக்களிலே நானும் ஒருவன். இனி அப்படிக் காசு வந்தால், உங்கள் அம்மாவின் குளியலறையைப் பார்த்தீர்களா என்று முதலிலே கேட்பதாகத் தீர்மானித்திருக்கிறேன்.

காணி உறுதி விடயம் கசப்பானது. எழுதாமலும் விட முடியாது. மகளுக்குச் சீதனமாக இருக்கிற வீட்டையே எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் விறாந்தையிலே விருந்தாளிபோல இருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். கொடுப்பது நல்லது. கொடுக்கும்போது, தாம் இருக்கும்வரை அந்த வீட்டிலே வாழும் சீவிய உரித்தை உறுதியிலே எழுதி வைக்குமாறு நொத்தாரிசிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது பிள்ளையிலே நம்பிக்கையில்லாமை என்று எவரும் எண்ண வேண்டாம். மருமக்களும் காலமும் எப்படி மாறும் என்பதை யாரும் அறியோம். பராமரிக்க வசதியிருந்தும் பிள்ளைகள் கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பராமரிப்புச் சபையிடம் முறையிடப் பெற்றோருக்கு வழியுண்டு. தாய் பிள்ளைமீது முறையிடுவதா என்று கேட்பீர்கள். அந்த வெட்கம் யாருடையது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரிசு விழுந்திருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியிலே அழைத்து, கைத்தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைக் கேட்பவனுக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். கள்வர் மதில் ஏறி வரும் காலம் போய்விட்டது.

அந்த ஆச்சியின் கதைக்கு வருகிறேன். அவருடைய அனுமதியோடு மகனுடன் பேசினேன். மகன் கெட்டவனல்லன். பயந்தவன். இரவு தொலைபேசி அடித்தாலே நெஞ்சு பதறுகிறது, சுவாமி என்றான். அம்மா என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேளும் என்றேன். கேட்டானாம். தனக்கு வேண்டியவற்றை ஆச்சி ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார். குளியலறையிலே இரண்டு கம்பி. கட்டிலருகே ஒரு மின்குமிழ். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஓர் ஓட்டோ. இன்னொரு ஏற்பாட்டை அவரே கண்டுபிடித்தார்: ஒவ்வொரு நாள் காலையும் எழும்பியவுடன் படலையிலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுவார்; ஏழு மணிக்குள் துணி தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கதவைத் தட்ட வேண்டும். திறப்பு ஒன்றும் அவளிடம் இருக்கிறது. அந்த வேறு ஆள் யார் என்று என்னிடம் கேட்டவர், தாமே பார்த்து ஒருத்தியைத் தெரிந்துகொண்டார். விழுந்தால் ஒளிக்காமல் சொல்வதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். சொன்னாலும் கொழும்புக்கு அனுப்பமாட்டேன் என்று அவனும் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

சென்ற கிழமை அந்தப் பக்கம் போனேன். படலையிலே துணி ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், ஆச்சி இல்லை. சற்றுப் பயந்துதான் போனேன். பக்கத்து வீட்டுத் திண்ணையிலே, தடியை மடியிலே வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையோடு இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். “சுவாமி, இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்” என்று எழும்பினார். கையூன்றாமல் எழும்பினார்.