கண்ணை மூடாத பையன்

மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. "கண்ண மூடிக்கோங்க, மூச்ச மட்டும் கவனிங்க" என்றேன். பாதிப் பேர் இமைக்கு நடுவே ஒரு கோடு விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் மூடவே இல்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தான். அதட்டினேன். "மூடுனா பயமா இருக்கு சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அமைதிக்கென்று ஒதுக்கிய ஐந்து நிமிடம் அதோடு போயிற்று.

*

இரவெல்லாம் அந்தச் சிரிப்பு உறுத்தியது. வீட்டில் எப்போது எது பறந்து வந்து விழும் என்று தெரியாத பிள்ளைக்கு விழித்திருப்பதே காவல். அதை விடச் சொல்ல நான் யார்? மறுநாள் முதல், விருப்பமில்லாதவர்கள் கண்ணை மூட வேண்டாம்; எதையாவது பார்க்கலாம், உள்ளங்காலைத் தரையில் அழுத்தி உட்காரலாம். அவன் பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறிவைத்த 'தல' என்ற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் தியானம்தான்.

கரும்பலகை ஓரத்தில் 1098 என்று எழுதி, அது குழந்தைகளுக்கான உதவி எண் என்றும் சொன்னேன். அடி விழும் வீட்டுக்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது.

*

மூச்சை இழுக்கையில் இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடுகையில் மெதுவாகும். வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று மணிக்கட்டில் நாடி பிடிக்கச் சொன்னேன். "சார், ஸ்லோ ஆவுது சார்!" என்று ஒரு கூச்சல். அன்றும் அமைதி இல்லை. ஆனால் அந்தக் கூச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

*

"எப்படிடா இருக்க?" என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கடுப்பா இருக்கு சார்." பசித்தால் கடுப்பு. மார்க் குறைந்தால் கடுப்பு. சிநேகிதன் பேசாவிட்டாலும் கடுப்பு. உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைவதை உளவியலாளர் மாத்யூ லீபர்மேன் குழுவினர் 2007இல் ஸ்கேனில் காட்டினார்கள். பெயருக்கு நமக்கா பஞ்சம்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு வைத்திருக்கிறார். வெகுளி (கோபம்) பிறக்கும் இடங்களையும் நான்காகப் பிரிக்கிறார். அவற்றில் ஒன்று குடிகோள், அதாவது சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்வது. எங்கள் வகுப்புச் சண்டைகளில் முக்கால்வாசி "எங்கம்மாவப் பத்திப் பேசிட்டான் சார்" என்றுதான் தொடங்கும். குடிகோளை விளக்கியபோது பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. தேர்வுக்கு நடத்தியபோது ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

*

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சிப் பாடம் என்றே ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். தலாய் லாமா வந்து தொடங்கிவைத்தார். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: மூச்சைக் கவனிப்பது போன்ற மனக்கவனப் பயிற்சி, வழக்கமாக அங்கே நடக்கும் மனநலப் பாடங்களைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை. கற்றதைப் பெரும்பாலோர் வீட்டில் செய்து பார்க்கவே இல்லையாம். ஆசிரியர்களின் சோர்வு மட்டும் கொஞ்சம் குறைந்ததாம். பிள்ளைக்கு வாங்கிய டானிக்கை அப்பா குடித்துத் தேறிய கதை.

எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. இப்போதெல்லாம் வகுப்புக்குள் நுழையுமுன் வாசலில் நின்று மூன்று மூச்சு விடுகிறேன். அதட்டல் குறைந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

*

போன வாரம் இடைவேளையில் ஒரு தள்ளுமுள்ளு. ஓடிப்போய்ப் பார்த்தால், கடைசி பெஞ்சுக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி நின்றுகொண்டிருந்தான். கை இறுக மூடியிருந்தது. அடிக்கவில்லை.

வகுப்பில் அவன் இன்னும் கண்ணை மூடுவதில்லை. நானும் கேட்பதில்லை.