தட்டு கேட்கும்

போன டிசம்பர் 23-ஆம் தேதி இரவு எதிர் வீட்டு அத்தை போன் செய்தார். எதிர் வீடு என்பது இப்போது பேச்சுக்குத்தான். அவர் தூத்துக்குடியில் மகளோடு இருக்கிறார். நான் பெங்களூரில் ஓர் அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். செயலி வழியாக நான் அனுப்பியிருந்த கிறிஸ்துமஸ் பெட்டி அன்று காலையில்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வெண்ணெய் பிஸ்கட், பிளம் கேக், வறுத்த முந்திரி, எல்லாம் ரிப்பன் கட்டிய ஒரு தகர டப்பாவில். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு அத்தை கேட்டார்:

"டப்பாவ எங்க தம்பி திருப்பி அனுப்பணும்?"

"அனுப்ப வேண்டாம் அத்தை. வச்சுக்கோங்க. இல்லன்னா தூக்கிப் போட்டுருங்க."

"சரிப்பா" என்றார். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் அச்சு முறுக்கு. பிறகுதான் கல்கல், முந்திரிக்கொத்து எல்லாம். ஆங்கிலோ இந்தியர்கள் இதையே ரோஸ் குக்கீஸ் என்பார்கள். நார்வே, ஸ்வீடன் பக்கமும் ஏறக்குறைய இதே போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடுகிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்து ஆச்சரியப்பட்டேன். எங்கள் வீட்டுக் கணக்கு இது: ஊற வைத்து இடித்துச் சலித்த பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். பூப்போல இருக்கும் அச்சை முதலில் எண்ணெயில் போட்டுச் சுட வைக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் பிடிக்காது. அதிகமானால் பாத்திரத்திலேயே வெந்து கட்டியாகிவிடும். அச்சின் மேல் விளிம்பு மாவில் முங்கக் கூடாது. முங்கினால் முறுக்கு கழன்று வராது. ஒரு நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றால்தான் நான்கு பெரிய டின் நிறையும். அதில் எங்களுக்கு மிஞ்சுவது ஒன்று. மற்றதெல்லாம் தட்டு தட்டாகத் தெருவுக்குப் போகும்.

தட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது வைத்துக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து அதிரசமும் முள்ளு முறுக்கும் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். எடுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், மாமா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து தட்டு வரவில்லை. டிசம்பரில் ஒரு சாயங்காலம் அத்தை வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"இந்த வருசம் எங்களுக்குப் பலகாரம் கொடுத்து விடாதீங்க மதினி."

"ஏன் மதினி? திருப்பித் தரணும்னு யாரு கேட்டா?"

"நீங்க கேக்க மாட்டீங்க. தட்டு கேக்கும்லா."

அந்த வருஷம் அம்மா அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இல்லாதவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பவர்களுக்குக் கொடுத்து என்ன கிறிஸ்துமஸ்? ஞாயிறு பள்ளியில் படித்ததைக் கொண்டு அம்மாவிடம் சண்டை போட்டேன். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு இதைத்தான் சொல்கிறார்: விருந்து வைக்கும்போது நண்பர்களையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், பதிலுக்குச் செய்ய வழியில்லாத ஏழைகளைக் கூப்பிடு.

வள்ளுவரும் என் கட்சிதான் என்று பிறகு தெரிந்தது. ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, இல்லாதவனுக்குக் கொடுப்பது மட்டும்தான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று முடித்துவிடுகிறார். அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்குகிறோமே, அதுதான். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவின் பண்டிகைத் தட்டுகள் எல்லாமே குறியெதிர்ப்பை. நற்செய்தியும் குறளும் சேர்ந்து ஒன்றைச் சொல்லும்போது அதற்கு எதிராக நிற்பது கஷ்டம். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் அத்தை சொன்ன அந்த ஒரு வரி என்னை விடவில்லை. அந்த இரண்டு இடங்களும் கொடுப்பவனைப் பார்த்துப் பேசுகின்றன. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பேசியவர் அத்தை ஒருவர்தான்.

பதில் செய்ய முடியாத கொடை வாங்குகிறவரைக் கீழே நிறுத்தும் என்பதை மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதிய நெடுங்கட்டுரையில் விரிவாகக் காட்டுகிறார். டேவிட் கிரேபர் கடனைப் பற்றி எழுதிய நூலில் நைஜீரியாவின் டிவ் மக்களைக் குறிப்பிடுகிறார். அங்கே அயலார் கொடுத்ததற்கு எதையாவது திருப்பித் தர வேண்டும், ஆனால் சரிக்குச் சரியாகத் தரக் கூடாது. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும். சரியாகத் தீர்த்தால் இனி உன் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு இது உடனே புரிந்தது. நான் மென்பொருள் எழுதுகிற நிறுவனத்தில், பாக்கி பூஜ்யம் ஆனால்தான் ஒரு கணக்கை மூட முடியும். எங்கள் தெருவில் அந்தப் பூஜ்யம் வரவே வராது. பத்து அதிரசத்துக்கு எத்தனை அச்சு முறுக்கு சமம் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. யாராவது ஒருவர் எப்போதும் கொஞ்சம் கடன்பட்டிருப்பார். அடுத்த பண்டிகை வரை உறவை இழுத்துக்கொண்டு போவது அந்தப் பாக்கிதான்.

குறியெதிர்ப்பை என்ற சொல்லைத் தேடிப் போனபோது புறநானூற்றின் 163-ஆம் பாடலில் அது வேறு முகத்தோடு இருந்தது. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புகிறவர்களுக்கு, நீ விரும்புகிறவர்களுக்கு, உன் சுற்றத்தாருக்கு என்று யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என வரிசையாகச் சொல்லி வருகிறார். குடும்பத்தின் பசி தீர நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். என்னிடம் கேட்கவும் வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்கிறார். கடனை அடை என்று தனியாகச் சொல்லவில்லை. கடன் தந்தவருக்கும் மற்றவருக்கும் சேர்த்து ஒரே வினைதான்: கொடு. அந்த அயல்வீட்டுக்காரர்களுக்குப் புலவர் வீட்டு நிலைமை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் தந்திருப்பார்கள். ஆனால் தானம் என்று சொல்லாமல் கைமாற்று என்று தந்திருக்கிறார்கள். அதனால்தான் பரிசில் வந்த அன்று அந்த அம்மாவால் கொடுப்பவளாக நிற்க முடிந்தது.

அடுத்த வருஷ டிசம்பரில் அம்மா எதிர் வீட்டு வாசலில் போய் நின்றார். "மதினி, தோள்பட்டை ஒரே வலி. அச்சைத் தூக்க முடியல. நீங்க வந்து சுட்டுத் தந்தாத்தான் இந்த வருசம் பலகாரமே."

அத்தை அன்று முழுக்க எங்கள் அடுப்பு முன்னால் நின்றார். அம்மா மாவு கரைத்துக் கொடுத்தார். சாயங்காலம் அத்தை ஒரு டின்னை எடுத்துக்கொண்டு போனார். அம்மா கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். அதில் ஊருணி ஓர் உவமை. ஊருணித் தண்ணீரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க முடியாது. அன்றைக்கு அந்த அச்சு முறுக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கடுத்த தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து தட்டு வந்தது. இரண்டே இரண்டு அதிரசம்.

அம்மாவுக்கு அதற்கு முன்னும் பின்னும் தோள் வலித்து நான் பார்த்ததில்லை. பெரியவனான பிறகு ஒரு தடவை கேட்டேன். "அன்னைக்கு வலிச்சுது" என்று மட்டும் சொன்னார். பொய் என்றால், நான் அறிந்த பொய்களில் அது ஒன்றுதான் என்னை வெட்கப்பட வைத்தது. என் லூக்காவும் வள்ளுவரும் செய்யச் சொன்னதை நான் செய்திருந்தால், அத்தை எங்கள் வீட்டு ஏழையாக ஆகியிருப்பார். அம்மா தனக்கு ஒரு குறையை உண்டாக்கிக்கொண்டு போய் நின்றார்.

லூக்காவும் வள்ளுவரும் தவறு என்று சொல்ல வரவில்லை. தெரியாத ஊரில் வெள்ளம் வந்தால் திருப்பி வராது என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும். ஆனால் எதிர் வீட்டுக்கு அது பொருந்தாது. கொடுத்த பிறகும் தினமும் முகம் பார்த்தாக வேண்டியவர்கள் நாம்.

நான் அனுப்பிய பெட்டியில் குறையொன்றும் இல்லை. நல்ல பிஸ்கட்தான். ஆனால் அனுப்பியவர் முகவரி அதில் இல்லை, திரும்பி வர வேண்டிய தட்டும் இல்லை. தூக்கிப் போடுங்கள் என்று நானே சொன்னேன். வேறு வார்த்தையில், உங்களிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்றேன்.

இந்த வருஷம் நானே அச்சு முறுக்கு சுடப் பார்த்தேன். மாவு அச்சில் பிடிக்கவே இல்லை. அத்தைக்குப் போன் போட்டேன். "அச்சு புதுசா? கஞ்சித் தண்ணில ஊறப் போட்டியா? எண்ணெயில ராத்திரி பூரா கெடக்கணும்லா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "பழகுன அச்சு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அனுப்பட்டுமா?" என்றார்.

அனுப்புங்கள் என்று முகவரியைச் சொன்னேன். எனக்கு நிஜமாகவே அது தேவைப்பட்டது.