கூண்டில் பிடித்த விடைக்கோழி

கறி சாப்பிடுவதை விட்டவருக்குச் சோதனை பிரியாணிக் கடை வாசலில் வருவதில்லை. கடையைத் தாண்டிப் போய்விடலாம். கிடா விருந்துப் பந்தியில் ‘எனக்கு ரசம் போதும்’ என்றால் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார். சோதனை ஊரில் காத்திருக்கிறது. பேரன் வருகிறான் என்று அப்பத்தா விடிவதற்குள் கூண்டில் கைவிட்டு ஒரு விடைக்கோழியை அமுக்கிப் பிடித்துவிட்டாள். மஞ்சள் தடவி வாட்டி, மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்து, மதியம் சட்டியை இறக்கும்போது தெருவே மணக்கிறது. அவன் சைவத்துக்கு மாறிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அவளுக்குத் தெரியாது. இலையில் விழுந்ததை உண்பதா, ஒதுக்குவதா?

உண்டுவிடலாம் என்பதற்கு நியாயம் உண்டு. செத்த கோழி அவன் ஒதுக்கியதால் எழுந்து நடக்கப்போவதில்லை. நோகப்போவது கிழவியின் மனசு மட்டும். ஆனால் இந்த இடத்தில் புத்தரின் விதியைச் சற்று வைத்துப் பார்க்க வேண்டும். பிச்சைப் பாத்திரத்தில் விழும் புலாலைத் துறவிகள் உண்ணலாம் என்றுதான் அவர் அனுமதித்தார். தனக்கென்றே கொல்லப்பட்டதைக் கண்டாலோ, கேட்டாலோ, அப்படி இருக்குமோ என்று ஐயம் வந்தாலோ மட்டும் தொடக்கூடாது. இந்த அளவுகோலில் கல்யாண வீட்டுப் பிரியாணி தப்பிவிடும், அப்பத்தாவின் கோழி தப்பாது. வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை என்ற வள்ளுவரின் வாதமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நகரத்து இறைச்சிக் கடையில் ஒருவர் நின்றுவிட்டால் ஒரு கோழி பிழைக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊரில் முடியும். அவன் வராதிருந்தால் அந்த விடைக்கோழி இன்றும் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருக்கும்.

நம் மனசு போடுகிற கணக்கோ தலைகீழ். யாருக்காகவோ வெட்டியதை எளிதாக மறுக்கிறோம். நமக்காகவே அடித்ததை மறுக்கக் கூசுகிறோம். அந்தக் கூச்சம் தப்பும் அல்ல. குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது, புலால் மறுத்தல் துறவறவியலில். இரண்டையும் ஒரே இலையில் சந்திக்கவைக்கும் சங்கடம் வள்ளுவருக்கு வரவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, சொந்தபந்தத்தோடு இருந்துகொண்டு கறியை விடுகிறவருக்குத்தான் அது வருகிறது.

அந்த மதியம் அவன் உண்டாலும் சரி, உண்ணாவிட்டாலும் சரி, அதை வைத்து அவனை எடைபோட வேண்டியதில்லை. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. முந்தின நாள் ஒரு போன் செய்திருந்தால் கோழி பிழைத்திருக்கும்.

ஏன் செய்யவில்லை? சாமிக்காகக் கறியை விட்டால் நம் ஊர் மதிக்கும். ஐயப்பனுக்கு ஒருவர் மாலை போட்டால் வீடே அவரோடு சைவமாகிறது. பரணில் கிடக்கும் பாத்திரம் கீழே இறங்குகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. வைத்தியர் வேண்டாமென்றாலும் ஒப்புக்கொள்வார்கள். ‘உயிரைக் கொல்வது மனசுக்கு ஒப்பவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அதனால் புதிதாக மாறியவர்கள் பலரும் பொய்க்குப் போகிறார்கள்: நேர்த்திக்கடன், வயிற்றுப்புண், கொழுப்பு. கோழியைக் காப்பாற்றும் பொய்தானே என்று தோன்றலாம். ஆனால் வயிற்றுப்புண் என்று கேட்ட கிழவி ராத்திரி தூங்கமாட்டாள். நேர்த்திக்கடன் என்று கேட்டவள் அது முடியும் நாளை எண்ணிக்கொண்டு அடுத்த கோழியை வளர்ப்பாள்.

வீட்டு அடுப்படியில் இந்தக் கேள்வி வேறு உருவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கறிக்குழம்பு, ஐயாவுக்கு மட்டும் தனிக்குழம்பு. அந்த இரண்டாவது சட்டியை ஏற்றுவது யார்? பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மனைவி. ஜீவகாருண்யம் அவருடையது, முதுகுவலி இன்னொருத்தியுடையது என்றால் அந்தக் காருண்யத்தில் ஏதோ இடிக்கிறது. ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போடுவதும், காலையில் குக்கரை ஏற்றுவதும் அவர் வேலை. உருளைக்கிழங்கு வறுவலும் தயிர்சாதமுமாகக் காலம் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘ஒரே அசதியாக இருக்கிறது’ என்று படுத்தால் அதற்கும் கஷாயம் வைப்பது அவள்தான். பயறும் கீரையும் எலுமிச்சையும் தட்டில் வர வேண்டும். பி12 சத்து செடிகொடியில் கிடைக்காது, பால் தயிரை நம்ப வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரை போட வேண்டும். கொள்கை எடுத்தவருக்கு இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

இதைவிட நுட்பமான சறுக்கல் ஒன்று உண்டு. ‘அந்தக் கரண்டியை இதில் போட்டுவிட்டாயா?’ என்று ஒரு நாள் குரல் உயர்கிறது. கரண்டியால் எந்த உயிரும் சாகவில்லை. துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினால் குமட்டுகிறது என்றால், குமட்டுகிறது என்றே சொல்லலாம். உடம்பு சொல்வதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அருவருப்புக்கு அறம் என்று பெயர் சூட்டும்போது இந்த மண்ணில் அது சும்மா நிற்பதில்லை. 100 பேரில் 90 பேருக்கு மேல் அசைவம் உண்ணும் மாநிலத்தில் ‘சைவம் மட்டும்’ என்று வாடகைப் பலகை தொங்கினால் அது யாரை வாசலோடு அனுப்புகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கோழிமேல் இரக்கம் வைத்துத் தொடங்கியவர், கோழி தின்னும் அண்டைவீட்டாரைத் தள்ளிவைப்பதில் போய் நிற்கக்கூடும். வள்ளலாரைவிடக் கறாராகப் புலால் மறுத்தவர் இல்லை. உண்பவரைப் புற இனத்தார் என்று பிரித்தே வைத்தார். அவர் 1867இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையிலோ, பசி என்று வந்தவருக்குச் சோறு போடும்முன் அவர் புலால் உண்பவரா என்ற கேள்வி எழவில்லை. இதை நினைவில் வைத்திருப்பவர் தனித்தட்டு கேட்கத் தயங்குவார்.

உபதேசம் செய்யவும் தயங்க வேண்டும். தினம் குடிக்கும் பாலுக்குப் பின்னால் காளைக்கன்று ஒன்று இருக்கிறது. டிராக்டர் வந்த ஊரில் அது கடைசியில் எங்கே போகிறது என்று மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சைவருடைய கணக்கிலும் பற்று எழுதாத பக்கம் இல்லை.

மிச்சமிருப்பது பிள்ளைகள். அரசுப் பள்ளிச் சத்துணவில் முட்டை தருகிறார்கள். உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். தகப்பன் சைவமாகிவிட்டதால் மறுநாளே பள்ளிக்குப் போய் ‘இவனுக்கு இனிமேல் பழம் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வரலாமா? முப்பது வயதுவரை கறி தின்று, யோசித்து, விட்டவர் அவர். பிள்ளைக்கு அந்த யோசிக்கும் வாய்ப்பே இல்லாமல் முடிவை மட்டும் கையில் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. முட்டை எங்கிருந்து வருகிறது, கோழிப்பண்ணையில் கூண்டு எவ்வளவு பெரிது என்று பையன் கேட்டால் மழுப்பாமல் சொல்லட்டும். முட்டையா பழமா என்பதைப் பையனே வரிசையில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.