கரிய நீரும் வெள்ளைத் தாளும்

நெல்லின் தண்டுக்கும் தாள் என்று பெயர். எழுதும் ஏட்டுக்கும் தாள் என்று பெயர். மொழியில் அருகருகே நின்ற இவ்விரண்டையும் தொழிலால் இணைத்தது வாழைச்சேனைக் கடதாசி ஆலை. 1950களின் நடுவில், கதிரவெளிக்குத் தெற்கே, களப்போரத்தில் அரசு நிறுவிய ஆலை அது. சூடடித்த பின் மாடு தின்றது போக எரிந்தோ மக்கியோ அழியும் வைக்கோலை மாணவனின் கொப்பியாக்கும் முயற்சியில் ஒரு நாட்டின் தன்மானமும் கலந்திருந்தது. தனியொரு முதலாளியின் இலாபத்துக்காக அன்றி நாட்டின் தேவைக்காக எழுந்ததாகலின், நம்மைப் போன்றோர் அதனைப் பெருமையோடு சுட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் வெள்ளைத் தாள் வெளியேறும் வாயிலுக்குப் பின்னால் மற்றொரு வாயிலும் உண்டு. வைக்கோலை எரிசோடாவில் அவிக்கும்போது நார் தனியே பிரிகிறது. அந்நாரைப் பிணைத்திருந்த இலிக்னின் கரைந்து கருநீராகிறது. மரக்கூழ் ஆலைகளில் இக்கருநீரை வற்றக் காய்ச்சி எரித்து, வெப்பத்தையும் பெற்றுச் சோடாவையும் மீட்டுக்கொள்வர். நெல் வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி. அது கலன்களிலும் குழாய்களிலும் கல்லாய்ப் படிந்து அடைத்துவிடும். மீட்பது கடினம், செலவும் அதிகம். ஆகவே பல நாடுகளில் வைக்கோல் ஆலைகள் கருநீரை அண்மையிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுவதையே வழக்கமாக்கிக்கொண்டன. வாழைச்சேனை ஆலையின் கழிவுநீரும் களப்பையே சேர்ந்தது. இத்தகைய கழிவு, நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்து மீனை மூச்சுத் திணற வைக்கும். அதன் கருமை அடியிலுள்ள நீர்ப்புல்லுக்கு வெயிலை மறைக்கும். களப்பு விரைந்தோடும் ஆறு அன்று. இட்டதை நெடுநாள் ஏந்தி நிற்கும் பாத்திரம் அது.

“நீர்ப்பரப்பு பெரிது, கரைந்துவிடும்” என்பது இவ்விடங்களில் எப்போதும் கேட்கும் சமாதானம். இதன் அறிவியலை வேதியியலார் பார்த்துக்கொள்ளட்டும்; இதிலுள்ள அறத்தை நாம் பார்ப்போம். கரைவது கழிவு மட்டுமா? அதனோடு பொறுப்பும் கரைகிறது. அயலவன் கிணற்றில் ஒருவன் ஒரு குடம் சாயத்தை ஊற்றினால் ஊரே திரண்டு அவனைக் கேட்கும். அதே சாயத்தை ஆயிரம் குடும்பங்களின் நீரில் துளித்துளியாகப் பகிர்ந்துவிட்டால் கேட்பாரில்லை. எவருடைய பங்கும் வழக்காடும் அளவுக்குப் பெரிதாயிராது. ஆனால் ஆலையின் இலாபத்தை இவ்வாறு ஆயிரம் வீடுகளுக்குத் துளித்துளியாகப் பகிர்ந்தளித்தவரை யாரேனும் கண்டதுண்டா?

நீரைச் சுத்தம் செய்யும் செலவு ஆலையின் கணக்கேட்டில் எழுதப்படாமையால் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வேறோர் ஏட்டில், தோணிக்காரனின் வருவாயில், பற்றாக எழுதப்படுகிறது. கொப்பி மலிவாயிருந்தால், அவ்விலையின் மிச்சத்தைச் செலுத்தியவன் அவனே. அவனிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை.

உடைமை மாறினால் நீரும் தெளிந்துவிடும் என்று நம் நண்பர் சிலர் வாதிடுவர். அதில் பாதியே உண்மை. மினமாட்டாக் குடாவில் பாதரசத்தைக் கொட்டிய சிஸ்ஸோ தனியார் நிறுவனம். அங்கு நோய் கண்டறியப்பட்டது 1956இல், கொட்டுதல் நின்றது 1968இல். ஆனால் கிழக்கு ஜெர்மனியின் பிட்டர்ஃபெல்டில் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கிய இரசாயன ஆலைகள் மக்கள் உடைமை என்றே பெயர் பூண்டிருந்தன. ஆலை யாருடையது என்று கேட்ட நாம், ஆலை முடிவெடுக்கும் மேசையில் கீழ்நீர்க்காரனுக்கு இடமுண்டா என்று கேட்கத் தவறலாகாது.

நம் நாட்டு நீதிமன்றம் இத்திசையில் ஓரடி வைத்திருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை ஏற்று, 2019 ஏப்ரலில் அதியுயர் நீதிமன்றம் கம்பனியை 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. யாழ்ப்பாணக் கிணறுகளுக்காக அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரு சிங்களச் சூழலியலாளர் என்பதும் நினைக்கத்தக்கது. எனினும் இழப்பீடு கிணறு கெட்ட பின்னரே வருகிறது.

கதிரவெளிக் கரையின் கனிம மணலை அகழும் பேச்சும் அதற்கு எதிர்ப்பும் எழுந்தபோது, “வேலை வேண்டுமா, கரை வேண்டுமா?” என்ற பழைய கேள்வியே மீண்டும் முன்னுக்கு வந்தது. ஏழையிடம் மட்டுமே கேட்கப்படும் கேள்வி இது. திருப்பூரின் அனுபவத்தை இங்கே நினைக்கலாம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழுள்ள வயல்களைப் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆணை நியாயமானதே. ஆனால் அன்று கூலியின்றி நின்றவர் பட்டறைத் தொழிலாளர். ஆறு கெட்டபோது உழவன் கொடுத்தான்; ஆற்றைக் காத்தபோது தொழிலாளி கொடுத்தான். பின்னர் அதே ஊரில், கழிவுநீரை வடித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை வந்தது; உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பு இன்னும் குவியலாய்க் கிடக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இயலாது என்று சொல்லப்பட்டவற்றுட் பெரும்பகுதி, செலவைத் தானே ஏற்கும்படி ஆலை நெருக்கப்பட்டதும் இயன்றது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கழிவு வெளியேற்றும் ஆலைகள் உரிமம் பெற வேண்டும். அவ்வுரிமத்தோடு இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும் என்பேன். நீர்ச் சோதனையின் முடிவு மாதந்தோறும் மீன் இறங்குதுறையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கழிவின் பொருட்டு ஆலை மூடப்படும் நாட்களுக்குத் தொழிலாளியின் கூலியை ஆலையே கொடுக்க வேண்டும். முதலாவதை மீனவர் சங்கமும் இரண்டாவதைத் தொழிற்சங்கமும் தனித்தனியே கேட்டால், ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது நிர்வாகத்துக்கு எளிது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதி இரு சங்கங்களும் கையொப்பமிட வேண்டும். அந்த மனுவை எழுதிக் கொடுக்கத் தமிழாசிரியருக்குக் குறைவில்லாத பகுதி இது.