கண்ணெதிரே இருந்தும் காணாதது ஏன்?



மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் தாத்தாவைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அது வெறும் மறதி. சுட்டிக் காட்டியதும் தாத்தாவும் சேர்ந்து சிரித்துவிடுவார். ஆனால் வேறொரு விதக் குருட்டுத்தனமும் உண்டு. அதில், காட்டியவன் மேல்தான் கோபம் வரும். காட்டக் காட்டக் கண்கள் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். இது எங்கிருந்து வருகிறது? மெய்யாக நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு சிந்திப்போம்.

1840-களில் ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்தியர்களும் மாணாக்கரும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். ஒரு நாள் வருகிறவர்கள் இங்கே, மறு நாள் வருகிறவர்கள் அங்கே என்று முறை வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே ஊர்ப் பெண்கள், ஒரே காற்று. ஆயினும் 1846-ம் ஆண்டில் முதல் விடுதியில் 100 தாய்மாருக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. கொன்றது பெரும்பாலும் பிரசவ ஜுரமே.

இது இரகசியமல்ல. வியன்னாவின் ஏழைப் பெண்கள் அனைவரும் அறிந்ததே. முதல் விடுதியின் முறை நாளில் வந்துவிட்டதை அறிந்த பெண்கள், தங்களை அங்கே சேர்க்கவேண்டாமென்று முழங்காலிட்டுக் கெஞ்சினார்கள். வழியிலே, தெருவிலே பிரசவித்துவிட்டு வந்தவர்களுக்குக்கூட அந்த ஜுரம் குறைவாகவே கண்டது. எழுத்தறியாத பெண்ணுக்குத் தெரிந்தது, படித்த பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை!

அவர்கள் காரணம் தேடாமலில்லை. கெட்ட காற்று என்றார்கள். அந்தக் காற்று இரண்டாம் விடுதியிலும் வீசிற்று. ஜன நெருக்கடி என்றார்கள். இரண்டாம் விடுதியிலோ நெருக்கடி அதிகம். சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு நன்மை கொண்டுபோகும் குருவானவரின் மணியோசை கேட்டு, மற்றப் பெண்கள் பயத்தால் நோயுறுகிறார்கள் என்றும் ஓர் எண்ணம் எழுந்தது. குருவானவரும் மணியடிக்காமல் வேறு வழியாகப் போய்ப் பார்த்தார். சாவு குறையவில்லை. காற்றைச் சந்தேகித்தார்கள், கட்டடத்தைச் சந்தேகித்தார்கள், கோயில் மணியையும் சந்தேகித்தார்கள். தங்கள் கையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அந்த முதல் விடுதியில் உதவி வைத்தியராக இருந்தவர் இக்நாஸ் செம்மல்வைஸ். 1818-ல் ஹங்கேரி நாட்டுப் புடா நகரில் பிறந்தவர். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கொல்லெச்கா என்னும் பேராசிரியர் ஒரு பிரேதத்தைப் பரிசோதிக்கையில், மாணாக்கன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். அவர் உடலில் கண்ட அடையாளங்கள், பிரசவ ஜுரத்தால் மாண்ட பெண்களிடம் கண்டவையே.

செம்மல்வைஸின் நெஞ்சில் உண்மை சுருக்கென்று தைத்தது. வைத்தியரும் மாணாக்கரும் காலையில் பிரேதங்களை அறுத்துப் பரிசோதித்துவிட்டு, அந்தக் கையோடு பிரசவம் பார்க்கப் போனார்கள். மருத்துவச்சிகளுக்கு அந்த வேலை இல்லை. நோயைச் சுமந்து சென்றது வைத்தியரின் கைகளே! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் விடுதிக்குள் வரலாகாது என்று 1847 மே மாத நடுவில் விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூன், ஜூலையில் இரண்டு, ஒன்று என்று இறங்கிற்று. 1848-ல் மார்ச், ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.

இனி மறுப்பார் இருக்க முடியுமா? இருந்தார்கள், வாசகரே! பெயர்பெற்ற பேராசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-ல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவுமில்லை.

அவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிரேதங்களைப் பரிசோதித்ததே, தாய்மாரைக் கொல்லும் நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும் என்னும் ஆவலினால்தான். அங்கேதான் இருந்தது சங்கடம். ‘கையைக் கழுவு’ என்பது சின்னப் பேச்சு. ஆனால் அதற்கு இசைந்தால், ‘இதுவரை இறந்தவர்கள் என் கையால் இறந்தார்கள்’ என்பதற்கும் இசையவேண்டும். நற்பெயரெடுத்து, நரைத்துப்போன மனிதருக்கு இது எவ்வளவு பாரம்! கண் பழுதாகவில்லை, பார்ப்பதற்குக் கொடுக்கவேண்டிய விலைதான் அதிகமாயிருந்தது. ஏழைப் பெண்களுக்கு அந்த விலை இல்லை. ஆகையால் அவர்கள் பார்த்தார்கள்.

அப்படியானால் செம்மல்வைஸ் எப்படிப் பார்த்தார்? அவரும் பிரேதங்களைப் பரிசோதித்தவர். மற்றவர்களைவிட அதிகமாகவே செய்தவர். தம்மால் எத்தனை பேர் அகாலத்தில் குழியில் இறங்கினார்கள் என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்று பின்னாளில் மனம் நொந்து எழுதினார். பிறர் கையைப் பார்க்குமுன் தம் கையைப் பார்த்தார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தெளிவாயிற்று.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மானிய நாட்டுக் கீல் நகரில் மிக்கேலிஸ் என்னும் பேராசிரியர் அந்த உண்மையை உடனே ஏற்றுக்கொண்டார். தாம் பிரசவம் பார்த்த சொந்த உறவுப் பெண் ஒருத்தி அதே ஜுரத்தால் இறந்திருந்தாள். அந்தத் துயரைத் தாங்கமாட்டாமல் 1848-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். செம்மல்வைஸோ பிற்காலத்தில் பொறுமையிழந்து, தம்மை எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்றே பகிரங்கக் கடிதங்களில் சாடினார். எதிரிகளின் காது இன்னும் அடைபட்டது. 1865-ல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட அவர், இரண்டே வாரத்தில், 47-வது வயதில் மாண்டார். அந்த ஜுரத்தை விளைவிக்கும் கிருமியைப் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1879-ல் எடுத்துக் காட்டினார். இன்று கை கழுவுதல் ஆஸ்பத்திரிகளின் முதற் பாடம். 2020-ல் கொரோனா வந்தபோது நம் குழந்தைகளும் அதைக் கற்றார்கள்.

வாசகரே, நம் வீட்டுக்கு வருவோம். கலகலவென்றிருந்த பையன் சில மாதமாக வாய் திறப்பதில்லை. ‘வயசுக் கோளாறு’ என்கிறோம். வீட்டுக்காரி படியேறும்போதெல்லாம் மூச்சு வாங்கி நிற்கிறாள். ‘வெயில்’ என்கிறோம். சம்பளம் வந்த வாரத்திலேயே பணம் தீர்ந்துபோகிறது. ‘விலைவாசி’ என்கிறோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் நாமும் காற்றையும் கட்டடத்தையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோமோ? ‘இது உண்மையானால் நான் எதை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும்?’ என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் மனம் சுருங்குகிறதோ, அங்கேதான் உற்றுப் பார்க்கவேண்டும். வீட்டில் நோகிறவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள். கெஞ்சுகிறவர்களுக்குப் பெரும்பாலும் விஷயம் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. ‘ஆம், தவறு என்னுடையதே’ என்று ஒருவர் சொல்லும்போது அவரை நொறுக்கிவிடாதீர்கள். தவற்றை ஒப்புக்கொண்டவரை ஆயுள் முழுதும் குத்திக்காட்டும் வீட்டில், அடுத்த முறை எவரும் எதையும் பார்க்கமாட்டார்கள். மன்னிப்புக் கிடைக்கும் என்கிற நம்பிக்கை உள்ள இடத்தில்தான் மனிதன் தன் கையைத் திருப்பிப் பார்க்கத் துணிகிறான்.

இன்றிரவு சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது இதைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.